வில்லங்கச் சான்று சொல்லாதவை

அன்பு மாணவிக்கு,

வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தபடியே கட்டணமின்றிப் பார்க்க முடிகிற இக்காலத்தில், மனை வாங்குவதற்கென்று வழக்கறிஞர் ஒருவருக்கு ஊதியம் கொடுப்பது வீண்செலவு அல்லவா என்னும் வினா, சென்ற கடிதத்தின் ஓரத்தில், விடை முன்பே தெரிந்தவர் கேட்கும் தொனியில் எழுதப்பட்டிருந்தது. அச்சான்று என்ன சொல்கிறது என்பதிலும், அவ்வழக்கறிஞர் என்ன செய்கிறார் என்பதிலும் ஒருங்கே பிழைபட்ட வினா அது. படித்தவர்கள் மத்தியில் அது பெருகிவருவதனாலேயே இக்கடிதம் நீள்கிறது. பட்டா, சிட்டா, கிரையப் பத்திரம் ஆகியவற்றின் வேறுபாடு வகுப்பிலேயே பேசி முடிக்கப்பட்டமையால் இங்கு மீண்டும் எடுக்கப்படவில்லை.

வில்லங்கம் என்னும் சொல் பேச்சு வழக்கில் எல்லாத் தொல்லைகளையும் குறிக்கும். வில்லங்கமான ஆள் என்றால் வம்புக்காரர் என்றே பொருள். பதிவுத்துறையில் அச்சொல்லுக்கு அவ்வளவு அகலம் இல்லை. குறிப்பிட்ட புல எண்ணில் அடங்கிய சொத்தின்மீது, கேட்கப்பட்ட ஆண்டுகளுக்குள், 1 புத்தகம் என்று வழங்கும் பதிவேட்டில் ஏறிய விற்பனை, அடமானம், தானம், பாகப்பிரிவினை முதலியவற்றின் பட்டியலே வில்லங்கச் சான்று. 'வில்லங்கம் இல்லை' என்று அது கூறுமாயின், தேடிய எண்ணில் தேடிய காலத்தில் அந்தப் புத்தகத்தில் ஒன்றும் அகப்படவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கொள்ள இடமில்லை. ஆயினும் அத்தாளைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டாத குறையாகப் போற்றுகிறவர்கள் பலர்.

அதில் வாராதவை எவை என்று பார்த்தால் கதை விளங்கும். உயிலைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் கூறவில்லை; பதிவு செய்தாலும் அது 3 புத்தகத்தில் ஏறுமேயன்றி 1 புத்தகத்தில் ஏறாது. உரிமையாளர் இறந்தவுடன் சொத்து வாரிசுகளுக்குச் சென்றுவிடுகிறது. இறப்பு ஒரு பத்திரம் அன்று என்பதால் சான்றில் அதற்கு வரி கிடையாது. பத்திரத்தைக் கடன்கொடுத்தவரிடம் ஒப்படைத்துப் பணம் பெறும் அடமானத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தினால்தான் கட்டாயமாயிற்று. அதற்கு முற்பட்ட அவ்வகை அடமானம் எவர் பெட்டியிலும் உறங்கிக்கொண்டிருக்கலாம். சொத்தின் உரிமையைப் பற்றி நடந்துகொண்டிருக்கும் வழக்கின் முடிவு, வழக்கைப் பற்றி அறியாமல் இடையில் வாங்கியவரையும் கட்டும் என்கிறது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. இவற்றோடு, 1979இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது அலுவலகங்களில் யூ.டி.ஆர். என்று சொல்லப்படுவதில், பல ஊர்களின் புல எண்களும் உட்பிரிவுகளும் மாறின. பழைய எண்ணை அறியாமல் புதிய எண்ணில் மட்டும் தேடுகிறவருக்குப் பழைய பத்திரங்கள் கண்ணில் படுவதில்லை.

சார்பதிவாளர் சரிபார்த்துத்தானே பதிகிறார் என்று கேட்பது இதே மயக்கத்தின் தொடர்ச்சி. ராபர்ட் டோரன்ஸ் 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் கொண்டுவந்த முறையில் அரசின் பதிவேட்டில் பெயர் ஏறுவதே உரிமை. ஆகையால் அங்கே பதிவேட்டைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். இந்தியாவில் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதியப்படுவது பத்திரமேயன்றி உரிமை அன்று. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்ந்து தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை அச்சட்டம் பதிவு அலுவலருக்குத் தரவில்லை என்று கூறியே, தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55ஏ(1)ஐ உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாததாக்கியது. சுருங்கச் சொன்னால், தனக்கு உரிமையில்லாத நிலத்தை ஒருவர் விற்க, மற்றொருவர் முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் முறையாகச் செலுத்தி வாங்கிக்கொள்ளவும் முடியும்.

அவ்வாறாயின் உரிமையை ஆராய்வது எப்படி என்பதற்குச் சட்டநூல்களைக் காட்டிலும் தெளிவான பாடம் பெரிய புராணத்தில் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதனைப் பாடிய சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. ஆவணங்களோடு பழகிய கை என்பது தடுத்தாட்கொண்ட புராணத்தை ஊன்றிப் படிப்பவருக்கு விளங்கும். சுந்தரரைத் தன் அடிமை என்று உரிமை கொண்டாடி வந்த முதியவரிடம் திருவெண்ணெய்நல்லூர் அவையோர் மூன்று வகைச் சான்றுகளில் ஒன்றைக் காட்டுமாறு கேட்கின்றனர்: ஆட்சி, அதாவது வழிவழியாக வரும் அனுபோகம், ஆவணம், அதாவது எழுத்து, அயலார் காட்சி, அதாவது பிறர் கண்டு சொல்லும் சாட்சி. முதியவர் ஆவணத்தைத் தேர்ந்தெடுக்கிறார். சுந்தரர் முன்னமே பறித்துக் கிழித்தெறிந்தது படியோலை என்றும், மூல ஓலை தம்மிடம் பத்திரமாக இருக்கிறது என்றும் அவர் வெளியிடும் இடம், மூலப் பத்திரத்தைக் கேட்டவர் கேட்டவரிடமெல்லாம் கொடுத்துவிட்டு நிற்கும் இக்காலத்தார் மனப்பாடம் செய்யத்தக்கது. அதன்பின் கரணத்தான் என்னும் அவைக் கணக்கன் ஓலையை உரக்கப் படிக்கிறான். சாட்சிக் கையொப்பங்கள் சரிபார்க்கப்படுகின்றன. சுந்தரருடைய பாட்டனாரின் எழுத்து அதுதானா என்பதை உறுதிசெய்ய, காப்பிலிருந்து அவர் எழுதிய வேறோர் ஓலை வருவிக்கப்பட்டு ஒப்பு நோக்கப்படுகிறது. மூலம், வாசிப்பு, சாட்சி, ஒப்பீடு என்னும் இந்நான்கும் இன்றைய உரிமை ஆய்விலும் மாறவில்லை. ஆளின் இருப்பிடத்தை மட்டும் அவையோர் தீர்ப்புக்குப் பின்னரே விசாரித்தனர். முதியவராக வந்த இறைவன் கோயிலுக்குள் புகுந்து மறைந்தார். விற்கிறவர் இறைவனாக இல்லாதவிடத்து, முகவரியை முதலிலேயே உறுதிசெய்துகொள்வது நலம்.

பக்தி இலக்கியத்தைப் பத்திர அலுவலகத்துக்கு இழுத்துவருவது தகுமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆயினும் ஆட்சி, ஆவணம், காட்சி என்னும் மூன்றையும் பிரித்துக் காட்ட இதைவிடச் சிறந்த இடம் தமிழில் வேறில்லை. வில்லங்கச் சான்று இம்மூன்றில் ஆவணத்தை மட்டும், அதிலும் ஒரு பகுதியை மட்டும் தொடுகிறது. நல்ல வழக்கறிஞரின் வேலை மற்றவற்றையும் தேடுவது.

ஆட்சியை எடுத்துக்கொண்டால், நிலத்தில் இருப்பவர் யார் என்பதை வாங்குபவர் நேரில் கண்டிருக்கவேண்டும். குடியிருப்பவருக்கு ஏதேனும் உரிமை இருக்குமாயின் அதனை வாங்குபவர் அறிந்திருந்ததாகவே கொள்ளப்படும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 3ஆம் பிரிவின் விளக்கம் கூறுகிறது. போய்ப் பார்க்கவில்லை என்பது விடையாகாது. நில அளவரை அழைத்து, புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அளந்து கல் நடாமல் பணம் கொடுப்பவர், காகிதத்தில் உள்ள நான்கெல்லையைத்தான் வாங்குகிறார். காட்சிக்கு, அண்டை நிலத்தாரோடும் தெருமுனைத் தேநீர்க்கடையில் அமர்ந்திருப்பவரோடும் ஒரு மாலை பேசினால் பாதை வழக்கும் பங்காளிச் சண்டையும் வெளிவரும்.

ஆவணத்திலும் எழுதியிருப்பதைக் காட்டிலும் எழுதப்படாத பெயர்களே பெரிதும் வினவத்தக்கவை. பூர்விகச் சொத்தைத் தந்தையும் மகன்மாரும் மட்டும் கையெழுத்திட்டு 2010இல் விற்றிருப்பார்களாயின், மகள்மார் எங்கே என்று கேட்கவேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989 மார்ச் 25இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் அந்நாளில் மணமாகாதிருந்த மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கைத் தந்தது. 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் மணமான மகளையும் சேர்த்துக்கொண்டது. அவ்வுரிமை பிறப்பினால் வருவது என்றும், தந்தை 2005இல் உயிரோடு இருந்திருக்கவேண்டியதில்லை என்றும் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன் நடந்த விற்பனை முதலிய கைமாற்றங்களுக்கும், அந்நாளுக்கு முன் பதிவான அல்லது நீதிமன்ற ஆணையால் முடிந்த பாகப்பிரிவினைக்கும் மட்டும் பாதுகாப்பு உண்டு. இவ்வாறே, இந்துக் குடும்பத்தில் இளவர் ஒருவரின் பங்கை இயற்கைக் காப்பாளர் நீதிமன்ற அனுமதியின்றி விற்றிருந்தால், அப்பிள்ளை 18 வயது நிரம்பியபின் மூன்றாண்டுக்குள் அவ்விற்பனையை எதிர்த்து வழக்கிடலாம். இத்தகைய பத்திரங்கள் எல்லாம் சான்றில் மாசு மறுவின்றி வரிசையாக நிற்கும். ஆகவேதான் தாய்ப்பத்திரம் தொடங்கி, குறைந்தது 30 ஆண்டுகளுக்குக் குடும்ப மரத்தை வரைந்து, ஒவ்வொரு கிளையும் கையெழுத்திட்டதா என்று பார்க்கும் வழக்கறிஞர் ஊதியத்துக்கு உரியவராகிறார்.

இனி, உதவுபவர்களில் எவர் எவருக்காக உழைக்கிறார் என்பதைப் பிரித்தறிய வேண்டும். தரகர் கிரையம் முடிந்தால்தான் கமிஷன் பெறுவார். எனவே கிரையம் முடிவதில் அவருக்கு அக்கறை உண்டு, முடியாமல் நிற்பதில் இல்லை. இது அவர்மீது குற்றம் சாட்டுவது அன்று; விலை நிலவரத்தை அவரளவு அறிந்தவர் ஊரில் இரார். பத்திர எழுத்தர் சொன்னதைச் செம்மையாக எழுதித் தருபவர்; சொல்லப்பட்டது உண்மையா என்பது அவருடைய வேலைக்குள் வாராது. வங்கி கடன் கொடுக்கிறது, ஆகவே பத்திரம் சுத்தம் என்று மார்தட்டுவோர் உணரவேண்டியது, வங்கியின் வழக்கறிஞர் வங்கிக்கே கருத்துரை எழுதுகிறார் என்பது. கடனுக்கு ஈடு போதுமா என்பது வங்கியின் கவலை, முழு விலையும் கொடுத்த குடும்பத்தின் கவலை அதனினும் பெரிது. கருத்துரை எவரிடம் பெற்றாலும், பார்வையிட்ட ஆவணங்கள் என்று அதன் தலைப்பில் வரும் பட்டியலை முதலில் படிக்கவேண்டும். நகல் மட்டும் பார்க்கப்பட்டதா, மூலம் பார்க்கப்பட்டதா என்பது அங்கேதான் தெரியும்.

புதிய மனைப்பிரிவுகளிலும் அடுக்ககங்களிலும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. அச்சட்டப்படி பதிவான திட்டங்களை விற்கும் முகவர் தாமும் பதிவு பெற்றிருக்கவேண்டும். பதிவு செய்த ஒப்பந்தமின்றி விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறலாகாது. நிலப்பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டாத அல்லது குடியிருப்புகள் எட்டைத் தாண்டாத திட்டங்களுக்கு அப்பதிவு தேவையில்லை. பழைய தனிவீட்டைக் கைமாற்றிவிடும் தெருத் தரகரும் இதற்குள் வாரார். தங்கக் காசு இலவசம் என்று அறிவித்து விற்கப்படும் மனைகளை முதலீடு என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் அவமதிப்பு. அதைப் பற்றி வேறு எழுதத் தேவையில்லை.

விற்பவருக்கும் துணை வேண்டும் என்பது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த நிலத்தை, அது 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியதாயின், விற்கும் உள்நாட்டுத் தனிநபர், பணவீக்கச் சரிக்கட்டலின்றி 12.5 விழுக்காடு, சரிக்கட்டலோடு 20 விழுக்காடு என்னும் இரண்டில் குறைவாக வரும் மூலதன ஆதாய வரியைச் செலுத்தலாம். இக்கணக்கை விலை பேசுவதற்கு முன் தணிக்கையாளரிடம் போட்டுக்கொள்வதே முறை.

வரும் வளர்பிறையில் அட்வான்ஸ் கொடுக்க நாள் குறித்திருப்பதாகத் தந்தையார் சொன்னதாக அக்கடிதத்தில் கண்டது. வளர்பிறை மாதந்தோறும் வரும், அம்மா. தாய்ப்பத்திரத்தின் நகலும், விற்பவரின் வாரிசுச் சான்றும், பழைய புல எண்ணும் கைக்கு வந்தபின் நாளைக் குறிக்கச் சொல்லுக.