மார்கழி, தை மாதங்களில் கொல்லைத் தோட்டம்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் கிராமத்தில் வேலை சற்றுத் தணிகின்றது. சம்பாப் பயிரில் களையெடுப்பு முடிந்து கதிர் முற்றிக்கொண்டிருக்கும். அறுவடைக்கு அரிவாள் எடுப்பது தை மாதத்தில்தான். இடையிலுள்ள மூன்று நான்கு வாரங்களில் குடியானவர் பனிக்கு அஞ்சித் திண்ணையில் போர்வையுடன் உட்கார்ந்திருப்பதும், "பனிக் காலத்தில் தோட்டத்தில் என்ன வேலை இருக்கிறது?" என்று சொல்வதும் பல ஊர்களில் காணக்கூடிய விஷயமே. அக்கேள்விக்கு விடை கூறுவது இப்பாடத்தின் நோக்கமாகும்.

விடையைச் சுருக்கமாகச் சொன்னால், சித்திரையில் ஒரு கொல்லை பசுமையாயிருப்பதும் காய்ந்து கிடப்பதும் சித்திரையில் தீர்மானிக்கப்படுவதன்று. மார்கழியிலும் தையிலும் செய்த வேலையாலும், செய்யாமல் விட்ட வேலையாலுமே அது தீர்மானிக்கப்படுகின்றது.

1. இக்காலத்தின் விசேஷம்

குளிர்ந்த தேசங்களில் இம்மாதங்களில் பூமி உறைந்து கல்லைப்போல் இறுகிவிடும், மண்வெட்டி இறங்காது. தமிழ்நாட்டின் சமவெளியிலோ தை மாதத்து இரவுகளில்கூட உஷ்ணம் பெரும்பாலும் 20 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியே நிற்கின்றது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பிரதேசங்களில் உறைபனி விழுவதுண்டு; மற்ற இடங்களில் அந்தப் பயமில்லை. வெயில் கடுமையற்றிருப்பதால் காலை வேலையைப் பத்து மணிக்கு மேலும் களைப்பின்றிச் செய்யலாம்.

இதைவிட முக்கியமான விசேஷம் ஒன்றுண்டு. தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவக்காற்றினால் பெய்கின்றது. அதன் பிறகு கோடை முடியும் வரை நம்பத்தக்க மழை இல்லை. ஆகையால் மார்கழியில் பூமிக்குள் இருக்கும் ஈரம், சங்கத்தில் போட்ட டிபாஸிட்டைப் போன்றது. ஆனால் ஒரு பேதம்: சங்கத்திலுள்ள பணத்தை அங்கத்தினர் கையெழுத்தின்றி எவரும் எடுக்க முடியாது, நிலத்து ஈரத்தையோ வெயிலும் காற்றும் களையும் ஒருவரையும் கேளாமல் தினந்தோறும் எடுத்துச் செல்கின்றன. அதைத் தடுப்பதே இக்காலத்து வேலைகளில் தலையாயது.

2. கொத்துதலும் மூடாக்கும்

மழையில் அடிபட்ட மண் காயத் தொடங்கும்போது மேலே ஏடு கட்டி வெடிக்கின்றது. அந்த வெடிப்புகளின் வழியே அடியிலுள்ள ஈரம் வெளியேறுகின்றது. செடிகளைச் சுற்றிக் களைக்கொட்டினால் இரண்டு அங்குல ஆழம் கொத்திவிட்டால் வெடிப்பு மூடும், களையும் சாகும். வெறும் பாத்திகளை மண்வெட்டியால் ஓரடி ஆழம் வெட்டிப் புரட்டலாம்.

மண் பதம் பார்த்தே கொத்த வேண்டும். ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்து விரலால் தட்டினால் உதிர வேண்டும். உருண்டை பிசுபிசுத்துக் கையில் ஒட்டினால் இன்னும் சில நாட்கள் பொறுக்க வேண்டும். சேற்றுப் பதத்தில் வெட்டிய களிமண் கட்டி கட்டியாக இறுகி வருஷம் முழுவதும் தொல்லை கொடுக்கும்.

கோரையையும் அறுகையும் மேலாக அறுப்பதில் பிரயோஜனமில்லை. ஈரமுள்ள இக்காலத்தில் கிழங்கோடும் வேரோடும் தோண்டியெடுத்து வெயிலில் நன்கு உலர்த்த வேண்டும். பச்சையாக எருக்குழியில் போட்டால் அவை அங்கேயே முளைத்து எருவோடு தோட்டத்துக்குத் திரும்பி வரும்.

கொத்திய இடத்தின்மேல் சருகு, வைக்கோல், கரும்புச் சோகை இவற்றில் கிடைப்பதை நான்கு அங்குல கனத்துக்குப் பரப்ப வேண்டும். இதற்கு மூடாக்கு என்று பெயர். செடியின் தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் இடம் விடுவது நல்லது. கறையான் உள்ள நிலத்தில் அடிக்கடி விலக்கிப் பார்க்க வேண்டும். தென்னைக்கு, மரத்தைச் சுற்றி ஆறடி தூரத்துக்குள் சுமார் 100 தேங்காய் மட்டைகளை முதுகுப்புறம் மேலாயிருக்கும்படி அடுக்கினால் கோடையில் வேர்ப்பகுதி குளிர்ந்திருக்கும்.

3. போகியும் எருக்குழியும்

மார்கழி கடைசி நாளில் வீட்டைச் சுத்தம் செய்து பழையன கழிப்பது நெடுநாளைய வழக்கம். சுத்தம் செய்வது மிகவும் நல்லது. ஆனால் அன்று கொளுத்தப்படும் குவியலில் சருகு, பழைய வைக்கோல், இற்றுப்போன கோரைப்பாய், கூரையிலிருந்து பிரித்த கீற்று ஆகியவை இருக்கின்றன. இவை யாவும் மண்ணிலிருந்து வந்தவை. மண்ணுக்குத் திரும்ப வேண்டியவை. ஒரு நாழிகை நேரம் குளிர் காய்வதற்காக, ஆடிப் பட்டத்துக்கு வேண்டிய எரு புகையாகப் போகின்றது. வழக்கத்துக்கு அடையாளமாகச் சிறிது கொளுத்திவிட்டு மீதியைக் குழியில் சேர்ப்பது புத்திசாலித்தனம்.

ஆறடி நீளம், நான்கடி அகலம், மூன்றடி ஆழமுள்ள குழி ஒரு குடும்பத்துக்குப் போதும். மழைக் காலத்தில் குழியில் தண்ணீர் நின்று அழுகும். இப்போது மழை ஓய்ந்துவிட்டபடியால் குழி உலராமல் காக்குமேயன்றிக் கெடுக்காது. சருகையும் குப்பையையும் அரையடி கனம் பரப்பி, அதன்மேல் சாணத்தைக் கரைத்து ஊற்றி, சிறிது சாம்பலும் பழைய எருவும் தூவ வேண்டும். இவ்வாறே அடுக்கிக்கொண்டு வந்து மேலே மண் தூவி மூடலாம். கீற்றைச் சிறு துண்டுகளாக நறுக்காவிடில் மக்க நாளாகும். உள்ளிருப்பது பிழிந்த துணியைப்போல் ஈரமாயிருக்க வேண்டும். பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள், அறுபதாம் நாள் ஆகிய மூன்று முறை புரட்டிப் போட்டால் மூன்று நான்கு மாதங்களில் கறுத்து உதிரும் எரு கிடைக்கும். ஆல்பர்ட் ஹோவர்டு என்பவர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, நம் நாட்டுக் குடியானவர் பழக்கங்களையும் கவனித்து ஒழுங்குபடுத்திய முறையை ஒட்டியதே இது.

மார்கழிக் கோலத்தில் பூசணிப்பூ வைக்கும் சாண உருண்டைகள் வரட்டியாகி அடுப்புக்குப் போவது வழக்கம். அது சொற்பமே. ஆனால் தொழுவத்துச் சாணம் முழுவதும் வரட்டியானால் தோட்டம் பட்டினி கிடக்கும் என்பதை மறக்கலாகாது. சருகுக் குவியலைக் கையால் அள்ளாமல் கவைக்கம்பால் கிளறிய பிறகே எடுக்க வேண்டும். குளிருக்குப் பாம்பு அதில் ஒடுங்கியிருக்கலாம்.

4. தைப் பட்டத்துக்கு ஆயத்தம்

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்னும் பழமொழியை அறியாதவர் இல்லை. ஆனால் பூசணி, சுரை, பீர்க்கு, புடல், பாகல் ஆகிய கொடிகளுக்குத் தையும் ஒரு நல்ல பட்டமாகும். தையில் ஊன்றிய கொடி பங்குனி, சித்திரையில் காய் கொடுக்கும். கடையில் காய்கறி விலை ஏறும் காலம் அதுவே.

இதற்குக் குழி மார்கழியிலேயே வெட்ட வேண்டும். நீளம், அகலம், ஆழம் யாவும் ஒன்றரையடி. இரண்டு வாரம் வெயிலில் ஆறவிட்டு, சென்ற வருஷத்து மக்கிய எரு 10 கிலோவை மேல்மண்ணுடன் கலந்து நிரப்ப வேண்டும். குழிக்கு ஐந்து விதை ஊன்றி, பதினைந்து நாள் கழித்துத் திடமான இரண்டு கன்றுகளை மட்டும் நிறுத்தி மற்றவற்றைக் களைந்துவிட வேண்டும். ஐந்தையும் வளரவிட்டால் ஐந்தும் மெலியும். கத்தரிக்கு மார்கழியில் நாற்றங்கால் விட்டால், ஐந்து வாரத்தில் நாற்றைப் பிடுங்கி நடலாம். கீரைக்கு எம்மாதமும் தகும்.

எத்தனை குழி என்பதைக் கிணற்றைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பங்குனியில் எத்தனை குடம் தண்ணீர் கிடைக்குமோ அதற்கேற்ற கொடிகளே போதும். இருபது குழி வெட்டிப் பதினைந்தை வாடவிடுவதைவிட, ஐந்து குழி வெட்டி ஐந்தையும் காப்பது மேல்.

5. அவரைப் பந்தல்

நாட்டு அவரை பகற்பொழுது குறுகும் காலத்தில் பூத்துப் பொங்கலை ஒட்டிக் காய்க்கும். இக்குளிர் காலத்தில் அசுவினி என்னும் பூச்சி அதன் கொழுந்துகளில் கறுப்பாக மொய்ப்பதுண்டு. மொய்த்த நுனிகளைக் கிள்ளி அழித்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிடில், எட்டு மாதத்துக்கு மேற்படாத வேப்பங்கொட்டையின் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைத்துத் தெளிக்கலாம். பனி ஈரம் காய்ந்த பிறகே இலையைத் தொட வேண்டும். தண்ணீரை மாலையில் இலைமேல் இறைக்காமல் காலையில் வேரில் விடுவது நோய்க்கு இடங்கொடாது.

விதைக்கு வேண்டிய காய்களை முதலிலேயே அடையாளமிட்டு விட்டுவிட வேண்டும். நல்ல காய்களை எல்லாம் பறித்துத் தின்று, கடைசியில் மிஞ்சிய சூம்பலை விதைக்கு வைப்பது, வருஷந்தோறும் பயிரைக் குறைத்துக்கொண்டே போகும். கொடியிலேயே நெற்றாகி உலர்ந்ததை எடுத்துக் காயவைத்துச் சாம்பல் கலந்து சட்டியில் மூடி வைக்கலாம். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதையின் காயிலிருந்து விதை எடுப்பதில் பயனில்லை. தாயைப்போல் பிள்ளை அமையாது.

6. செய்யத்தகாத வேலைகள்

வேலை செய்ய வேண்டுமென்ற ஆர்வத்தில் செய்யத்தகாததைச் செய்துவிடுவதும் உண்டு. அவற்றில் முக்கியமானவை இரண்டு.

முதலாவது, காய்ப்புக்கு வந்த மாமரத்துக்கு மார்கழியில் தண்ணீர் கட்டுவது. பூக்கும் முன்னுள்ள இரண்டு மூன்று மாதம் அது தண்ணீரின்றி இருக்க வேண்டும். தண்ணீர் கட்டினால் பூவுக்குப் பதிலாகத் தளிர் விடும். பிஞ்சு நெல்லிக்காய் அளவு வந்த பிறகு பாய்ச்சலாம். இளங்கன்றுகளுக்கு இவ்விதி பொருந்தாது. அவற்றுக்குத் தண்ணீர் அவசியம். மாமரத்தில் இப்போது செய்யத்தக்க வேலை, உலர்ந்த குச்சிகளை நறுக்குவதும், புல்லுருவியை அது பற்றியுள்ள கிளைப்பகுதியோடு வெட்டி எடுப்பதுமாகும்.

இரண்டாவது, பல வருஷம் நிற்கும் நாட்டு முருங்கையைத் தையில் வெட்டுவது. அது பூவெடுக்கும் தருணம். கிளையைக் கழிப்பதைக் காய்ப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். தண்டில் கம்பளிப்பூச்சி கூட்டமாக ஒட்டியிருந்தால் நீண்ட குச்சியால் சோப்புத் தண்ணீர்ச் சட்டியில் தள்ளிக் கொல்லலாம். கையால் தொட்டால் அரிப்பெடுக்கும்.

7. வேலி, கருவி, அடுக்களைத் தண்ணீர்

அறுவடை முடிந்ததும் ஆடு மாடுகள் அவிழ்த்து விடப்படும். வேலியில் ஒரு சந்து இருந்தால் ஒரே பகலில் ஒரு மாத உழைப்பு போய்விடும். ஆகையால் தை பாதிக்குள் சந்துகளை முள்வைத்து அடைக்க வேண்டும். மண்வெட்டியின் ஆடும் காம்புக்கு ஆப்பு அடிப்பது, களைக்கொட்டையும் அரிவாளையும் தீட்டி எண்ணெய் பூசுவது ஆகியவற்றைப் பனி விலகாத காலை வேளையில் திண்ணையிலிருந்தே செய்யலாம். பாத்திரம் கழுவும் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் தெருவில் தேங்கினால் கொசு. வாய்க்கால் வெட்டி வாழைக்கும் சேம்புக்கும் விட்டால் உணவு. அந்த வாய்க்காலை மண் இளகியிருக்கும்போதே வெட்டுவது எளிது.

8. கணக்கு

அடுத்தடுத்த இரண்டு கொல்லைகளை எடுத்துக்கொள்வோம். மண்ணும் ஒன்று, மழையும் ஒன்று. ஒருவர் சருகைப் போகியில் கொளுத்தினார், மண்ணைக் கொத்தவில்லை, மாசியில் நினைவு வந்து விதை ஊன்றினார். பங்குனியில் கிணறு தாழ்ந்ததும் கொடி பூவோடு கருகிற்று. சித்திரையில் அவர் வீட்டுக் காய்கறி கடைக்காரரின் பற்று வரவுப் புத்தகத்தில் ஏறுகின்றது. ஒரு நாளைய தொகை சொற்பந்தான். மூன்று மாதம் சேர்ந்தால் சங்கத் தவணைக்கு ஒதுக்கிய பணம் அதற்குப் போகும். தவணை தவறினால் அபராத வட்டி. மற்றவர் மார்கழியில் நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் உழைத்தார். அவருடைய ஐந்து கொடிகள் பணக்காரராக்கவில்லை; ஆனால் கடைக்குப் போகும் பணம் வீட்டில் நின்றது; குழந்தைகள் சோற்றோடு கறியும் உண்டன.

1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் ஏற்பட்டபோது, கடன் கொடுப்பது மட்டும் அதன் கருத்தாயிருக்கவில்லை. சிக்கனமும் சுயஉதவியும் ஒத்துழைப்பும் வளர வேண்டுமென்பதே அதன் கருத்து. வாங்காமல் தவிர்த்த கடனுக்கு வட்டியில்லை. அப்படித் தவிர்க்கும் வழிகளில் கொல்லைத் தோட்டம் ஒன்றாகும்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டியவை

(1) இவ்வூரில் போகியன்று கொளுத்தப்படும் சருகும் வைக்கோலும் எத்தனை வண்டி இருக்கும்? அவற்றை எத்தனை குழிகளில் சேர்க்கலாம்?

(2) நல்ல நாட்டு விதை எந்தெந்த வீடுகளில் இருக்கின்றது? ஒரு பிடி விதை வாங்கியவர் அறுவடையில் இரண்டு பிடி திருப்புவது என்று ஏற்பாடு செய்யலாமா?

(3) கடப்பாரை, தெளிப்பான் முதலியவற்றைப் பொதுவில் வைத்து முறைப்படி வழங்க யார் பொறுப்பேற்பார்?

(4) கிணற்றுத் தண்ணீர் சென்ற பங்குனியில் எவ்வளவு தாழ்ந்தது? அதற்கேற்ப ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை கொடிகள் வைக்கலாம்?

இவற்றுள் ஒன்றையாவது பொங்கலுக்கு முன் தீர்மானித்துச் செயலில் கொண்டுவந்தால், அதன் பலனைச் சித்திரையில் அங்கத்தினர்கள் தம் வீட்டு அடுக்களையிலேயே காணலாம்.