தராயும் தரையும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பரபரப்பிலும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, "தராய் என்பது நம்ம தரைதானே மாமா?" என்று கேட்டிருக்கிறாய். ரொம்ப சந்தோஷம். ஆனால் அது தரை இல்லை. காதில் ஒன்றுபோல விழுந்தால் போதும், உடனே உறவு கொண்டாடிவிடுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தப் பழக்கம்.

இமயத்தின் தெற்கு அடிவாரத்தை ஒட்டி, சதுப்பும் ஆளுயரப் புல்லும் காடுமாகக் கிடக்கும் தாழ்நிலத்துக்குத்தான் தராய் என்று பெயர். ஈரம் என்று பொருள்படும் 'தர்' என்ற பாரசீகச் சொல்லோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். புத்தர் பிறந்த லும்பினி இருப்பது நேபாளத் தராயில்.

"மலையடி என்றால் சரிவு. தண்ணீர் ஓடிவிடாதா, சதுப்பு எப்படி வரும்?" என்று அடுத்து கேட்பாய். நல்ல கேள்விதான். அதற்கு நீ கொஞ்சம் வடக்கே போக வேண்டும். தராய்க்கும் மலைக்கும் நடுவே 8 முதல் 16 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு கல்பூமி கிடக்கிறது. மலையிலிருந்து பாய்ந்து வரும் ஆறு, சரிவு குறைந்ததும் வேகம் இழந்து, உருட்டி வந்த பாறையையும் கூழாங்கல்லையும் அங்கேயே போட்டுவிடுகிறது. சின்ன ஓடைகள் அந்தக் கல்லிடுக்கில் இறங்கிக் காணாமல் போகின்றன. மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால் படுகை முழுக்க வெள்ளை வெளேரென்று உருண்டைக் கற்கள்தான் இருக்கும். தண்ணீர் எங்கே போயிற்று? நிலத்தடியிலேயே நடந்து, கல் முடிந்து வண்டல் தொடங்கும் இடத்தில் மறுபடி ஊற்றெடுக்கிறது. அந்த இடம்தான் தராய். ஈரம் என்று சொன்னது இப்போது பொருந்துகிறதா?

அந்தக் கல்பூமிக்குப் பாபர் என்று பெயர். நீ மொகலாய மன்னரை இழுத்து வருவதற்குள் சொல்லிவிடுகிறேன், அவருக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இந்தியில் இரண்டுக்கும் முதலெழுத்தே வேறு. தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடுகிறது, அவ்வளவுதான். பாபர் என்பது அங்கே வளரும் ஒரு புல். அதை அறுத்துக் காயவைத்துக் கயிறு திரிப்பார்கள், காகிதம் செய்யவும் எடுப்பார்கள்.

"எதற்கு மாமா இத்தனை பெயர்? எல்லாவற்றையும் அடிவாரம் என்று எழுதிவிட்டால் ஆகாதா?" ஆகாது. அடிவாரம் என்றால் மலை எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். தண்ணீர் எங்கே ஒளிகிறது, எங்கே வெளிப்படுகிறது என்பதை அந்த மண்ணில் மாடு மேய்த்தவனும் புல் அறுத்தவனும் வைத்த பெயர்கள்தான் சொல்லும்.

கிழக்கே, வடவங்கத்திலும் அசாமிலும் இதே அடிவார நிலத்தை துவார் என்கிறார்கள். இங்கே மட்டும் உன் காதைத் தாராளமாக நம்பலாம். நம் கோயில் வாசலில் துவாரபாலகர் நிற்கிறாரே, அதே துவாரம்தான். பூட்டானுக்குள் போய்வரும் வாசல்கள் மொத்தம் 18. அவற்றில் 11 வங்கத்துப் பக்கம், 7 அசாம் பக்கம். 1865இல் சின்சுலா உடன்படிக்கை எழுதி ஆங்கிலேயர் அவற்றை எடுத்துக்கொண்டார்கள், பிறகு தேயிலைத் தோட்டங்கள் வந்தன. அலிப்பூர்துவார் என்ற ஊர்ப்பெயரில் அந்த வாசல் இன்னமும் இருக்கிறது.

நீ அனுப்பிய வரைபடத்தில் தராயை மலையை ஒட்டியும் பாபரைக் கீழேயும் போட்டிருக்கிறாய். மலையை ஒட்டி வருவது பாபர், அதற்குத் தெற்கேதான் தராய். திருத்தி வரைந்து அடுத்த கடிதத்தோடு அனுப்பு.

அன்புடன்,
மாமா