பிக்கப் வாங்கும் முன்: எண்ணெய்க் கணக்கு

2012 பெப்ரவரியில் ஒரே இரவில் டீசல் லீற்றர் 84 ரூபாவிலிருந்து 115 ரூபாவாக ஏறியது. பெற்றோல் 137இலிருந்து 149 ஆனது. மண்ணெண்ணெய் 71இலிருந்து 106 ஆனது. அப்போது உலகச் சந்தையில் மசகு எண்ணெய் ஒரு பரல் 100 டொலருக்கு மேல் நின்றது. சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் பெரிதும் நம்பியிருந்த ஈரானிய எண்ணெய்க்கும் தடைகள் வந்திருந்தன. ஆகவே விலை விரைவில் பழைய நிலைக்கு இறங்கும் என்று எண்ணி எந்தக் கணக்கையும் போட வேண்டாம்.

மீள்குடியேறிய பின் உங்களில் பலர் ஒரு சிறு பார வாகனம் வாங்க யோசிக்கிறீர்கள். அது நியாயமான யோசனைதான். வைத்திருந்த உழவு இயந்திரத்தையும் லான்ட் மாஸ்டரையும் இறுதிக் காலத்தில் வழியில் விட்டு வந்தவர்களுக்கு, மரக்கறியையும் நெல்லையும் சீமெந்தையும் ஏற்ற ஏதாவது வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய உங்களுக்கு எண்ணெயை மிச்சம் பிடிப்பதைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் வாகனம் வாங்கும்போது ஒரு கணக்குத் தவறிப் போகிறது. “லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். “ஒரு கிலோ சாமானைச் சந்தைக்குக் கொண்டுபோக எவ்வளவு முடியும்?” என்று கேட்பவர் குறைவு.

ஒரு கொப்பியை எடுத்து இதை எழுதிப் பாருங்கள். கிளிநொச்சியிலிருந்து சுன்னாகம் சந்தைக்குப் போக வர ஏறத்தாழ 150 கிலோமீற்றர் என்று வைப்போம். பட்டா வாகனம் பாரத்தோடு லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடினால் 10 லீற்றர் டீசல், அதாவது 2012 பெப்ரவரி விலையில் 1,150 ரூபா வேண்டும். விலை ஏறுமுன் இது 840 ரூபா. பழைய கன்ரர் ஏழரைக் கிலோமீற்றர் ஓடினால் 20 லீற்றர், 2,300 ரூபா. இதோடு கணக்கை நிறுத்தினால் பட்டாதான் லாபம்.

இனிப் பாரத்தைச் சேருங்கள். பட்டாவில் 700 கிலோ கத்தரிக்காய் ஏற்றினால் கிலோவுக்கு எண்ணெய்ச் செலவு 1 ரூபா 64 சதம். கன்ரரில் 2,500 கிலோ ஏற்றினால் 92 சதம். அதே கன்ரரில் உங்கள் ஒரு குடும்பத்தின் 500 கிலோவை மட்டும் ஏற்றிக்கொண்டு போனால் கிலோவுக்கு 4 ரூபா 60 சதம். நாலைந்து வீட்டுக்காரர் சேர்ந்து ஒரே நாளில் அறுவடை செய்து ஒரு கன்ரரை நிரப்பினால், அவரவர் பட்டா வைத்திருப்பதைவிட மலிவு. தனியே போவதென்றால் பட்டா நல்லது. வாகனத்தைத் தெரிவு செய்வதற்கு முன் பக்கத்துத் தோட்டக்காரரோடு கதைக்கச் சொல்வது இதனால்தான்.

திரும்பி வரும் பாதியையும் மறக்க வேண்டாம். மேலே சொன்ன எண்ணெயில் அரைவாசி வெறும் பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வரச் செலவாகிறது. கிளிநொச்சியிலோ தருமபுரத்திலோ விசுவமடுவிலோ இரண்டு கடைக்காரரோடு முன்கூட்டியே பேசி, யாழ்ப்பாணத்திலிருந்து அவர்களின் சாமானை ஏற்றி வர ஒழுங்கு செய்தால், வருகிற வழி எண்ணெயை அவர்கள் தரும் கூலியே கட்டிவிடும். தம்புள்ளைக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கிளிநொச்சியிலிருந்து ஒரு வழியே 180 கிலோமீற்றருக்கு மேல்.

எந்த வாகனம்?

டபிள் கப் வாகனத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். எங்களைப் போன்ற நிறுவனங்கள் அவற்றில் ஓடித் திரிவதைப் பார்த்து ஆசை வருவது இயல்பு. அவற்றுக்கு எண்ணெய் அடிப்பது ஓட்டுபவரின் சொந்தக் காசு அல்ல. ஐந்து பேர் இருக்கலாம், சேற்றிலும் இழுக்கும். ஆனால் பின்பெட்டி கட்டை, எஞ்சின் பெரிது, விலையும் பெரிது. மரக்கறி ஏற்றிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது ஏற்றதல்ல.

லான்ட் மாஸ்டரைக் குறைத்து எண்ண வேண்டாம். உங்கள் ஓட்டம் வயலுக்கும் வீட்டுக்கும், வீட்டிலிருந்து கமநல சேவை நிலையத்துக்குமாகப் பத்துக் கிலோமீற்றருக்குள் அடங்கினால், உழவுக்கும் உதவுகிற அதுவே போதும். ஏ-9 வீதியில் பஸ்களுக்கு நடுவே, அதுவும் இரவில் பெட்டிக்குப் பின்விளக்கு இல்லாமல், அதைக் கொண்டுபோவதுதான் ஆபத்து.

டீசல் என்றாலே மலிவு என்ற பழைய நினைப்பையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். முன்பு டீசலுக்கும் பெற்றோலுக்கும் இடையே 53 ரூபா வித்தியாசம் இருந்தது. 2012 பெப்ரவரி உயர்வுக்குப் பின் அது 34 ஆனது. லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடும் பழைய டீசல் வானையும் 12 கிலோமீற்றர் ஓடும் சிறிய பெற்றோல் வானையும் ஒப்பிடுங்கள். பழைய விலையில் டீசல் வானுக்குக் கிலோமீற்றருக்கு 9 ரூபா 33 சதம், பெற்றோல் வானுக்கு 11 ரூபா 42 சதம். புதிய விலையில் டீசல் வானுக்கு 12 ரூபா 78 சதம், பெற்றோல் வானுக்கு 12 ரூபா 42 சதம். தேய்ந்த டீசல் எஞ்சினை “டீசல்தானே” என்று வாங்கினால் கைநட்டம்.

டீசலோடு மண்ணெண்ணெய் கலந்து ஓடலாம் என்று சொல்லி விற்பவரின் வாகனத்தை வாங்காதீர்கள். முன்பு லீற்றருக்கு 13 ரூபா மிச்சம் என்றாவது சொல்ல முடிந்தது, 2012 பெப்ரவரி உயர்வுக்குப் பின் வித்தியாசம் 9 ரூபாதான். டீசல் பம்பின் உள்பாகங்களுக்கு டீசலே வழுவழுப்பைக் கொடுக்கிறது. மண்ணெண்ணெய் அதைவிட மெலிந்தது என்பதால் பம்ப் விரைவில் தேயும். பம்ப் திருத்துகிற காசுக்கு எத்தனை ஒன்பது ரூபா என்று நீங்களே பாருங்கள்.

சொந்தமா, வாடகையா?

லீசிங் முகவர்கள் இப்போது வீடு தேடி வருகிறார்கள். முற்பணம் குறைவு, கையெழுத்து வைத்தால் வாகனம் வாசலில். மாதத் தவணை 22,000 ரூபா, காப்புறுதி, ரயர், திருத்த வேலைக்கென மாதம் 5,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வாகனம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் 27,000 ரூபா போகும். அதே சுன்னாகப் பயணத்துக்கு உங்கள் ஊரில் வாடகை வாகனம் 4,000 ரூபா கேட்கிறது என்போம்.

மாதம் 12 பயணம் போனால், எண்ணெயும் சேர்த்து சொந்த வாகனத்துக்கு ஒரு பயணம் 3,400 ரூபா. லாபம். 8 பயணம் போனால் 4,525 ரூபா. வாடகையே மலிவு. 4 பயணம் மட்டும் என்றால் 7,900 ரூபா. இந்தக் கணக்கில் பத்துப் பயணத்துக்குக் குறைந்தால் சொந்த வாகனம் நட்டம். உங்கள் ஊர் வாடகையையும் உங்களுக்குச் சொல்லப்பட்ட தவணையையும் போட்டு உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள். தவணையையும் காப்புறுதி, ரயர், திருத்த வேலைக்கான மாதச் செலவையும் கூட்டி, அதை வாடகைக்கும் எண்ணெய்க்கும் உள்ள வித்தியாசத்தால் பிரித்தால் போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் நிமிடத்தில் செய்து தரும்.

எந்த மாதத்தை வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள் என்பதில்தான் குடும்பங்கள் சிக்குகின்றன. காலபோக நெல் வெட்டும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வன்னியில் எல்லா வாகனமும் ஓடும். அந்த நேரம் பார்த்துத்தான் முகவரும் வருவார். ஐப்பசியில் விதைப்புக்குக் காசு வெளியே போகும், கார்த்திகையில் மழை, தோட்டத்தில் ஏற்ற ஒன்றும் இராது. தவணை மட்டும் வரும். இரண்டு, மூன்று தவணை தவறினால் வாகனத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அதுவரை கட்டிய காசும் அதோடு போய்விடலாம். பிணை வைத்த உறவினரின் வீட்டுக்கும் ஆள் வரும். எனவே கார்த்திகை மாதத்தின் வருமானத்தை எழுதி, அதில் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள். கையெழுத்திடுமுன், கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், பிந்தினால் தண்டம் எவ்வளவு என்பவற்றைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

வீட்டுத்திட்டக் கொடுப்பனவை முற்பணமாகக் கொடுப்பது இன்னும் மோசமானது. அடுத்த கட்டக் காசு, கட்டி முடித்த அளவைப் பார்த்தே தரப்படும். அத்திவாரத்தோடு நின்றால் அடுத்தது வராது. வாகனமும் கைவிட்டுப் போனால் தறப்பாள் கொட்டில்தான் மிஞ்சும்.

கூட்டாக வாங்குவது எல்லா ஊருக்கும் சரிவராது, அதில் சண்டையும் உண்டு. ஆனாலும் இந்திய அரசு வடக்குக்கு வழங்கிய 500 உழவு இயந்திரங்களைப் போல, ஒரு இயந்திரத்தைப் பலர் முறை வைத்துப் பயன்படுத்துவது எங்களுக்குப் புதிதல்ல. கமக்காரர் அமைப்போ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ வாங்குவதானால், யார் ஓட்டுவது, எண்ணெய்க் கணக்கை யார் எழுதுவது, உடைந்தால் யார் செலவழிப்பது என்ற மூன்றையும் வாங்குமுன் கூட்டக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

வாகனத்தைப் பார்க்கும்போது

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஓடும்போது கரும்புகை தொடர்ந்து வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை, உங்கள் காசுதான் புகையாகப் போகிறது. நீலப்புகை என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது, பெரிய செலவு காத்திருக்கிறது. நம்பிக்கையான மெக்கானிக்குக்கு ஒருநாள் கூலி கொடுத்துக் கூட்டிப் போவது வீண்செலவு அல்ல.

எண்ணெய் குடிப்பதை விற்பவரின் வாயால் அறியாமல் நீங்களே அளக்கலாம். டாங்கியை விளிம்பு வரை நிரப்பி, மீற்றரை எழுதி, ஏற்றப்போகும் பாரத்தை ஏற்றி 100 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடி, அதே இடத்தில் மறுபடி விளிம்பு வரை நிரப்புங்கள். 120 கிலோமீற்றருக்கு 8 லீற்றர் பிடித்தால் லீற்றருக்கு 15. ஏ-9 வீதியில் மட்டும் ஓடிப் பார்க்க வேண்டாம், குழி விழுந்த வீதியிலும் கொஞ்சம் ஓடுங்கள். இரண்டாம் கியரில் ஊர்கிற இடத்தில் கணக்கே மாறிவிடும்.

எண்ணெய் மிச்சமென்று காணிகளுக்குள்ளால் குறுக்கே வாகனத்தை விடவே கூடாது. முகமாலை, புதுக்குடியிருப்புப் பகுதிகளில் 2012இல் கண்ணிவெடி அகற்றும் வேலை முடிந்திருக்கவில்லை. சிவப்புக் குறிக் கட்டைகளும் மண்டையோட்டுப் பலகையும் உள்ள இடத்தில் பழைய வண்டித்தடம் இருந்தாலும் அது பாதை அல்ல. மனிதர் நடந்த இடத்தில் வெடிக்காதது வாகனத்தின் பாரத்துக்கு வெடிக்கலாம்.

கடைசியாகப் பத்திரங்கள். கைவிடப்பட்ட வாகனங்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய வாகனங்களும் விலைக்கு வரலாம். செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுச் சான்றிதழில் உள்ளவைதானா என்று விரலால் தடவிப் பாருங்கள். தேய்த்து மறுபடி அடித்திருந்தால் தெரியும். சான்றிதழில் உள்ள உரிமையாளரை நேரில் காணாமல், கையெழுத்து மட்டும் வைத்த வெற்றுப் படிவத்தோடு கைமாறி வரும் வாகனத்துக்கு முழுக்காசு கொடுக்க வேண்டாம். நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்தால், வாகனம் யார் பெயரில் இருக்கிறது, லீசிங் கடன் பாக்கியா என்பதை அறியலாம். வருடாந்த வரி அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் உங்கள் பெயருக்குப் புதுப்பிக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கொண்டு செல்லுங்கள். இடப்பெயர்வில் சாரதி அனுமதிப்பத்திரத்தைத் தொலைத்தவர்கள் வாகனம் தேடத் தொடங்கும்போதே அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள். மூன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட லொறிக்கு வேறு வகுப்பு அனுமதி தேவை. கன்ரர் வாங்க நினைப்பவர்கள் தங்கள் அனுமதிப்பத்திரத்தில் அந்த வகுப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.