வளர்ப்புச் சால்மனின் கொழுப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நார்வேயின் கடல்நீர்க் கூண்டுகளில் வளர்ந்த சால்மனைத் துண்டு போட்டால், ஆரஞ்சு நிறச் சதையின் ஊடே வெள்ளை வரிகள் ஓடுவது தெரியும். தசை அடுக்குகளின் நடுவே படிந்த கொழுப்பு அங்கேதான் மிகுதி. அது எப்படிப்பட்ட கொழுப்பு என்பதைப் பெருமளவு முடிவு செய்வது மீனுக்குப் போட்ட தீவனம். ஆனாலும் இதைப் பற்றிப் பல தவறான எண்ணங்கள் உலவுகின்றன.

நம்பிக்கை: ஒமேகா-3 சத்தை மீன் தானே உற்பத்தி செய்துகொள்ளும்.

உண்மை: கடலில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களைப் பெரும்பாலும் உண்டாக்குபவை கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள். அவற்றை மிதவை உயிரிகளும், அவற்றை நெத்திலி போன்ற சிறு மீன்களும், இவற்றைப் பெரிய மீன்களும் தின்ன, சத்து படிப்படியாக மேலே ஏறுகிறது. தாவர எண்ணெயிலிருந்து இந்த அமிலங்களைத் தயாரிக்கும் திறன் சால்மனுக்குக் கொஞ்சம்தான் உண்டு.

1990-இல் நார்வே சால்மன் தீவனத்தில் சுமார் 90 விழுக்காடு மீன் தூளும் மீன் எண்ணெயுமே. பண்ணைகள் பெருகின, ஆனால் அந்தத் தூளுக்கும் எண்ணெய்க்கும் பெரு நாட்டுக் கடலில் பிடிபடும் நெத்திலி பெருகவில்லை. அதனால் சோயாவும், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெயும் தீவனத்துக்குள் வந்தன. 2013-இல் கடல் பொருள்களின் பங்கு 30 விழுக்காட்டை ஒட்டிச் சுருங்கியது. விளைவு சதையிலேயே தெரிந்தது. 2006-க்கும் 2015-க்கும் இடையே ஸ்காட்லாந்து வளர்ப்புச் சால்மனில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. அளவு ஏறக்குறையப் பாதியானதை ஸ்டர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். முன்பு ஒரு துண்டில் கிடைத்த சத்துக்கு இப்போது இரண்டு துண்டு தேவை.

நம்பிக்கை: அப்படியானால் வளர்ப்புச் சால்மனில் சத்தே இல்லை.

உண்மை: குறைந்த பிறகும் ஆடு, கோழி இறைச்சியைவிட இதில் இந்த அமிலங்கள் பல மடங்கு அதிகம். தீவன எண்ணெய் மாறும்போது பெரிதும் மாறுவது சேமிப்புக் கொழுப்பு. செல் சவ்வுகளில் இருக்கும் டி.எச்.ஏ.வை மீனின் உடல் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

நம்பிக்கை: கொழுப்பு ஏறினால் புரதம் இறங்கிவிடும்.

உண்மை: இடம் விடுவது புரதமல்ல, தண்ணீர். அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி, 100 கிராம் இயற்கையில் வளர்ந்த அட்லாண்டிக் சால்மனில் கொழுப்பு சுமார் 6 கிராம். வளர்ப்புச் சால்மனில் 13 கிராம். புரதமோ இரண்டிலும் 20 கிராமை ஒட்டியே நிற்கிறது. தீவனத்தில் கொழுப்பு போதிய அளவு இருந்தால் மீன் அதை எரித்துச் சக்தி பெறும். புரதத்தை வளர்ச்சிக்கு ஒதுக்கும். பண்ணையாளர்கள் எண்ணெய் மிகுந்த தீவனம் போடுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

நம்பிக்கை: கொழுப்பைக் கொட்டினால் எந்த மீனின் சதையும் கொழுக்கும்.

உண்மை: காட் மீன் கொழுப்பைச் சதையில் வைப்பதில்லை, ஈரலில் சேர்க்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் காட் ஈரல் எண்ணெய் மாத்திரை பிறந்தது அங்கேதான். எண்ணெய்த் தீவனம் மிகுந்தால் அதன் ஈரல்தான் பெருக்கும். சதை மெலிந்தே இருக்கும்.

நம்பிக்கை: அறுவடைக்கு முன் மீன் எண்ணெய் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்.

உண்மை: ஓரளவு சரியாகும். புதுக் கொழுப்பு சேரச் சேர, பழையது நீர்த்துப்போகிறது, இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் உயர்கின்றன. ஆனால் தாவர எண்ணெயின் லினோலெயிக் அமிலம் அவ்வளவு சீக்கிரம் சதையை விட்டுப் போவதில்லை.

ஆகவே, எந்த எண்ணெயில் வளர்ந்த மீன் என்பதைப் பொட்டலத்திலேயே அச்சிட வேண்டும். காசு கொடுத்து வாங்குபவருக்கு அது தெரிந்தாக வேண்டும். தீவனமும் மறுபடி மாறத் தொடங்கியிருக்கிறது. 2019-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், பிளேர் என்ற ஊரில், நுண்பாசியை வளர்த்து இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் கொண்ட எண்ணெய் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. அந்த எண்ணெய், நடுவே நெத்திலியின் வயிற்றைத் தொடாமல், நேராகச் சால்மன் தீவனத்துக்குப் போகிறது.