அடிபட்ட மானைத் தேடிப் பிடிக்க

'திஹண்டர்: கால் ஆஃப் தி வைல்டு' (2017) விளையாட்டில் பெரிய துப்பாக்கி இருந்தால் எதுவும் விழும். மதிப்பெண்ணும் சேர்ந்தே விழும்! விலங்குகளை 1 முதல் 9 வரை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்: முயல் 1, நரி 2, காட்டுப்பன்றி 5, செம்மான் 6, ஐரோப்பியக் காட்டெருமை 9. வகுப்புக்கு ஏற்ற ஆயுதத்தால் சுட்டால்தான் முழுப் பரிசு. .270 ரைஃபிள் 4 முதல் 8 வரை பொருந்தும். ஜெர்மானியக் காடான ஹிர்ஷ்ஃபெல்டனில் பன்றிக்கும் செம்மானுக்கும் அது ஒன்றே போதும். முயலுக்கு வேண்டாம்.

தோட்டாவையும் பாருங்கள். சாஃப்ட் பாயின்ட் அகலமாகக் காயப்படுத்தும். பாலிமர் டிப் ஆழமாகத் துளைக்கும். குறி நுரையீரலாக இருக்கட்டும். தலையைக் குறிவைப்பது வீண் ஜம்பம்.

சுட்டதும் ஓடாதீர்கள். விலங்கு நின்ற இடத்தை அருகிலுள்ள மரத்தையோ பாறையையோ வைத்து மனதில் குறித்துக்கொள்ளுங்கள். புல்வெளியில் அந்த இடத்தைத் தவறவிட்டால் முதல் ரத்தத் துளியைத் தேடியே அரைமணி போகும். துளியைச் சோதித்தால் ரத்தப்போக்கின் அளவு தெரியும். அதிகம் என்றால் பக்கத்திலேயே விழுந்திருக்கும். குறைவு என்றால் சற்றுப் பொறுத்து, குனிந்து, மெல்லத் தொடருங்கள். துரத்தினால் மிரண்டு இன்னும் தூரம் ஓடும். காற்று உங்கள் முகத்தில் அடிக்கிறதா என்றும் கவனியுங்கள்.

மோப்ப நாய் வேண்டுமா? தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அடர்ந்த காட்டில் அது கொடுத்த காசுக்குத் தகும்.