அல்டர்னேட்டர் புதிதா, திருத்தியதா?

மாவனல்லையைத் தாண்டி கடுகண்ணாவை ஏற்றத்தில் இரவு மழை. முன்னால் லொறி ஊர்கிறது. ஹெட்லைட், வைப்பர், கண்ணாடிப் புகாரைப் போக்கும் ஃபேன் எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன. அப்போதுதான் என் பழைய கொரோலாவின் வெளிச்சம் மஞ்சளித்தது. டாஷ்போர்டில் சிவப்புப் பெட்டரி விளக்கு எரிந்தது. மறுநாள் கட்டுகஸ்தோட்டையில் வயரிங் பாஸ் அல்டர்னேட்டரைக் கழற்றி, பத்திரிகைத் தாளில் பரப்பிக் காட்டினார். காபன் பிரஷ் இரண்டும் நகத்தளவுக்குத் தேய்ந்திருந்தன. ஸ்லிப் ரிங்கைத் தடவினால் விரலில் பள்ளம் தட்டியது.

"புதுசு போடுவோமா அண்ணே, இல்ல இதையே செஞ்சுருவோமா?"

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய காரையே ஓட்டியவர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி வரும். விலையைக் கேட்குமுன் பார்க்க வேண்டியவை இவை.

செய்ய வேண்டியவை

• முதலில் வொல்ட்டை அளந்து பாருங்கள். இஞ்சின் ஓடாதபோது நல்ல பெட்டரி 12.6 வொல்ட் அளவில் நிற்கும். ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். குறைந்தால் பெல்ட்டையும் பெட்டரி முனைகளையும் எர்த் வயரையும் பார்த்த பிறகே அல்டர்னேட்டரில் கைவைக்கச் சொல்லுங்கள். சில புதிய கார்களில் கம்பியூட்டரே வேண்டுமென்று வொல்ட்டைக் குறைக்கும். அங்கே மீற்றரை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

• திருத்தியதை வாங்கினால், என்னென்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். பெயாரிங் இரண்டு, பிரஷ், ரெகுலேட்டர், டயோட், தேய்ந்திருந்தால் ஸ்லிப் ரிங்: இத்தனையும் பார்த்திருந்தால்தான் அது முழுத் திருத்தம். பிரஷ் மட்டும் மாற்றியது சின்ன ரிப்பேர். அதற்குரிய காசுதான் கொடுக்க வேண்டும். கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

• ஸ்டேட்டர் கொயில் கருகியிருந்தாலோ, பொடி (வெளிக்கூடு) வெடித்திருந்தாலோ புதிதுக்கே போங்கள். டென்சோ 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த வகையில் கொயில் வட்டக் கம்பியல்ல. பட்டையான செம்புத் துண்டுகளை வளைத்து வெல்ட் செய்தது. பழைய முறையில் கையால் சுற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

• லேபிளில் உள்ள அம்பியர், பிளக்கின் பின் எண்ணிக்கை, புல்லியின் பள்ளங்கள் மூன்றும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

• பில்லில் உத்தரவாதக் காலத்தை எழுதச் சொல்லுங்கள். தகராறு வந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். பில் இல்லாமல் முறையிடுவது கஷ்டம்.

செய்யக்கூடாதவை

• இஞ்சின் ஓடும்போது பெட்டரி முனையைக் கழற்றி 'சார்ஜ் வருதா' என்று பார்க்க விடாதீர்கள். பழைய டைனமோ காலத்துப் பழக்கம் இது. இன்றைய காரில் ஒரு நொடியில் வொல்ட் எகிறி டயோடையும் கம்பியூட்டரையும் சுட்டுவிடலாம்.

• பெட்டியைப் பார்த்து மயங்காதீர்கள். பெயர் தெரியாத புதியதை விட, ஜப்பான் பொடியோடு ஒழுங்காகத் திருத்திய பழையதையே நான் எடுப்பேன். என் கொரோலாவுக்கும் அதைத்தான் செய்தேன்.

• பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த பாவித்த சாமானைக் கழுவிப் பெயின்ட் அடித்துவிட்டால் அது திருத்தியதாகாது. 'ரீகண்டிஷன்' என்ற சொல்லை இரண்டுக்குமே சொல்கிறார்கள். எது என்று நேராகக் கேளுங்கள்.

• பிரியஸ், அக்வா வைத்திருப்பவர்கள் அல்டர்னேட்டர் தேடி அலைய வேண்டாம். அவற்றில் அது கிடையாது. பெரிய ஹைபிரிட் பெட்டரியிலிருந்தே சின்னப் பெட்டரிக்கு மின்சாரம் வருகிறது.

• செத்த பெட்டரியோடு புதிய அல்டர்னேட்டரைப் பூட்டாதீர்கள். பெட்டரியைத் தனியாக முழுச் சார்ஜ் செய்யுங்கள். இல்லாவிட்டால் முதல் நாளே அல்டர்னேட்டர் சூடேறி உழைக்கும்.

• பூட்டியவுடன் காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். சாவி திருப்பினால் சிவப்பு விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். பிறகு மாலை நெரிசலில் கெட்டம்பேயிலிருந்து பேராதனை வரை லைட், ஏசி போட்டு ஒரு முறை ஊர்ந்து பாருங்கள். இஞ்சின் மெல்ல ஓடும்போதுதான் அல்டர்னேட்டர் குறைவாகத் தரும். அங்கே வெளிச்சம் மங்கினாலோ பெல்ட் கீச்சிட்டாலோ, பட்டறை பூட்டுமுன் திரும்பிவிடுங்கள்.