‘ஐடியா’ கோப்பில் அடங்காத சண்டைகள்

எழுத்து விளையாட்டுகளில் ‘ஐடியா’ என்று ஒரு கட்டளை உண்டு. ஆடிக்கொண்டிருக்கும்போதே அதைத் தட்டி, பக்கத்தில் உங்கள் யோசனையை எழுதி எண்டர் அழுத்தினால், சர்வரில் ஒரு கோப்பின் அடியில் ஒரு வரி சேரும்: உங்கள் பெயர், தேதி, நீங்கள் நின்றிருந்த அறையின் எண், கேட்ட விஷயம். திரையில் ‘சரி, நன்றி’ என்று வரும். அதோடு சரி. ஜெரமி எல்சன் 1993-இல் வெளியிட்ட சர்க்கிள்மட் மென்பொருளில் இந்தக் கோப்புக்கு 50,000 பைட் வரம்பு வைத்திருந்தார்கள். நிரம்பிவிட்டால், இடமில்லை, பிறகு வாருங்கள் என்று பதில் வரும். விளையாட்டில் உலவும் அரக்கர் யாராவது யோசனை சொல்ல வந்தால், உங்களுக்கெல்லாம் யோசனை வராது, போங்கள் என்று விரட்டவும் அதில் ஒரு வரி இருக்கிறது. எழுதியவர்கள் விளையாட்டாகச் சேர்த்ததுதான். ஆனாலும் சில நிர்வாகிகளுக்கு ஆட்டக்காரர்கள் எல்லோருமே அந்த அரக்கர்களாகத்தான் தெரிவார்கள்.

‘மட்’ என்பது படமில்லாத விளையாட்டு. ‘நீ ஒரு இருண்ட குகையில் நிற்கிறாய், வடக்கே வழி இருக்கிறது’ என்று எழுத்து வரும். ‘வடக்கு’ என்று தட்டினால் அடுத்த அறை. அதே குகையில் அதே நேரத்தில் உலகின் வேறு மூலைகளிலிருந்து வந்தவர்களும் நிற்பார்கள். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்தது முதல் மட். லால்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்க சர்வரில் ஓடும் ஒரு மட்டில் பல வருடம் ஆடினேன். அப்புறம் அங்கேயே சம்பளமில்லாத நிர்வாகியாகி, கோடும் (நிரலும்) எழுதினேன். ரமலானில் விடியலுக்கு முன் சஹர் சோற்றுக்கு எழுந்தால் அமெரிக்காவில் சாயங்காலம். கூட்டம் அலைமோதும் நேரம். சோறு ஒரு பக்கம், சண்டை ஒரு பக்கம். இரண்டு தரப்பிலும் இருந்தவன் என்பதால் சில விஷயங்களைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சண்டை எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். ஒருவர் பொதுச் சேனலில் ஒரு வசதி கேட்பார். நிர்வாகி ‘பார்க்கலாம்’ என்பார். ஒரு வாரம் கழித்து அதே ஆள், “என்ன ஆச்சு?” என்பார். “நாங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டா வேலை பார்க்கிறோம்?” என்று பதில் போகும். “நாங்கள் இல்லாவிட்டால் யாருக்காக ஓட்டுவீர்கள்?” என்று திருப்பி வரும். அதோடு வசதி மறந்துபோகும், மானப் பிரச்சினை மட்டும் மிஞ்சும்.

இதில் புதிதாக எதுவும் இல்லை. இங்கிலாந்தில் கட்டணம் வாங்கி ஓட்டிய ஒரு மட்டில், 1989 நவம்பரிலிருந்து 1990 மே வரை மூத்த ஆட்டக்காரர்களுக்குள் ஒரு பெரிய விவாதம் நடந்தது. மட்டிலிருந்து ஆட்களுக்கு என்னதான் வேண்டும் என்பதுதான் கேள்வி. அந்த வாதப் பிரதிவாதங்களை வடிகட்டித்தான் பார்ட்டில் 1996-இல் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார்: புள்ளி சேர்ப்பவர்கள், சுற்றிப் பார்ப்பவர்கள், பேச வருபவர்கள், அடுத்தவரை அடிக்க வருபவர்கள் என்று நான்கு வகை. ஒரு வகைக்குப் பிடித்ததைச் செய்தால் இன்னொரு வகை கூடும் அல்லது குறையும் என்பதையும் அதில் விளக்கினார். நிர்வாகத்துக்கு வரும் எவரும் முதலில் படிக்க வேண்டியது அது. கோரிக்கை வந்ததும், கேட்பவர் இந்த நான்கில் யார் என்று பார்க்கிற பழக்கம் எனக்கு அதிலிருந்துதான் வந்தது.

எனக்கு நன்றாகத் தெரிந்த சண்டை, லைன் அறுந்துபோவதைப் பற்றியது.

2012 ஞாபகம் இருக்கும். சென்னையைத் தாண்டிவிட்டால் நாளில் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் ஃபேனுக்கும் ஒரு லைட்டுக்கும்தான் லைன் இழுத்திருப்போம். மோடத்துக்கு யார் இழுப்பது? டிராகனோடு மல்லுக்கு நிற்கும்போது கரண்ட் போனால், இங்கே நாம் இருட்டில் உட்கார்ந்திருப்போம், அங்கே நம் ஆள் அசையாமல் நின்று அடிவாங்கிச் சாவான். இரண்டு மாதம் சேர்த்த வாளும் கவசமும் பிணத்தோடு போகும். பரங்கிப்பேட்டையிலிருந்து ஆடிய ஒரு தம்பி, “லைன் போனா ஆளை யாரும் தொடக் கூடாது பாய், அப்படி ஒரு வசதி வேணும்” என்று எழுதினான். நிர்வாகிகள் ஒரே குரலில் மறுத்தார்கள். தோற்கப்போகிறவன் வேண்டுமென்றே வயரைப் பிடுங்கித் தப்பிக்கும் தந்திரம் மட் உலகில் மிகப் பழையது. அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அதில் ஒருவர், இந்தியாவிலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம் அறுந்துபோகிறார்கள், இவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று சேனலிலேயே போட்டுவிட்டார். கேட்க வேண்டுமா, பற்றிக்கொண்டது.

அப்போது நான் செய்தது, வாதத்தில் இறங்காமல் சர்வர் பதிவை எடுத்துப் பார்த்தது. தமிழ்நாட்டு முகவரிகள் அறுந்த நேரங்களை வரிசையாக அடுக்கினேன். பெரும்பாலும் அரை மணியில் வந்து நின்றன: இரண்டரை, நாலரை, ஆறரை. சந்தேகப்பட்டவர்களுக்கு இதுவே சதி மாதிரி தெரிந்தது. காரணம் எளிது. மின்வாரியம் நம் ஊர் மணிக்கு மணியடித்தாற்போல் கட் செய்தது. இந்திய நேரம் கிரீன்விச்சை விட ஐந்தரை மணி நேரம் முன்னால் போகிறது. அதனால் நம் முழு மணி, அவர்கள் கடிகாரத்தில் அரை மணி. தோற்கும்போது வயரைப் பிடுங்குகிறவன் கடிகாரம் பார்த்துப் பிடுங்க மாட்டான். இந்தப் பட்டியலைப் போட்டதும் ஏமாற்றுக்காரர் பேச்சு அன்றோடு நின்றது. குற்றம் சாட்டிய நிர்வாகியே மன்னிப்பும் எழுதினார். அது அபூர்வம்.

ஆனால் வசதி? தம்பி கேட்டபடி கொடுக்கவில்லை, கொடுத்திருக்கவும் கூடாது. அவனை ஒன்றே ஒன்று கேட்டேன்: “கடைசியா எப்பப்பா செத்தே? யாரோட சண்டையில?” அவன் சொன்னது எல்லாமே அரக்கர்களோடு நடந்த சண்டைகள். ஆட்டக்காரர்களோடு அவன் மோதுவதே இல்லை. சர்க்கிள்மட்டில் இதற்கு வழி ஏற்கெனவே இருந்தது: லைன் அறுந்தவனை யாராவது அடித்தால், அவன் தானாகத் தப்பி ஓட முயல்வான், ஓடிவிட்டால் தெய்வ சக்திகள் காப்பாற்றின என்று ஒரு வரி வந்து, அவனைத் தூக்கி ‘வெற்றிடம்’ என்ற அறையில் வைத்துவிடும். எங்கள் மட்டில் முன்பு யாரோ அதை எடுத்துவிட்டிருந்தார்கள். அரக்கர் சண்டைக்கு மட்டும் அதைத் திரும்பச் சேர்த்தோம். ஆட்டக்காரரோடு மோதும்போது லைன் போனால், ஆள் சில நிமிடம் நின்றுதான் ஆக வேண்டும். இரு தரப்புக்கும் முழுத் திருப்தி இல்லை, சண்டையும் இல்லை.

ஆட்டக்காரர் கேட்பது பெரும்பாலும் அவரே யோசித்து வைத்த தீர்வு. அதை அப்படியே ஏற்பதும் மறுப்பதும் ஒரே தவறின் இரு பக்கம். முதலில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். ‘எங்கே, எப்போது, என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?’ இந்தக் கேள்விகளுக்குப் பதில் வந்தாலே பாதிக் கோரிக்கைகள் வேறு உருவம் எடுத்துவிடும்.

நியாயமான கோரிக்கைகளே ஒன்றோடொன்று மோதும்போது என்ன செய்வது? எங்கள் ஊர்க்காரர்களுக்கு வீராணம் ஏரியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். முழு மட்டம் 47.50 அடி. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறினால், உபரி லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடை வழியாகப் போகும். பாசனக்காரர்களுக்கும் சென்னைக் குடிநீருக்கும் ஏரி நிறைந்தே இருக்க வேண்டும். ஓடைக்குக் கீழே நட்டவர்களுக்கு மதகு திறக்கவே கூடாது. யார் கேட்பதும் அநியாயம் இல்லை. மதகுச் சக்கரத்தைச் சுற்றுகிறவர் எத்தனை அடிக்கு எவ்வளவு திறப்பேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டாரா, ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்தாரா என்பதில்தான் கோபம் கூடுவதும் குறைவதும்.

சக்கரம் யார் கையில் என்பதை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு லாம்ப்டாமூ கதை இருக்கிறது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பாவெல் கர்ட்டிஸ் 1990-இல் தொடங்கியது அது. சண்டை போட வேண்டாம், புள்ளி வேண்டாம். அறைகளை நீங்களே கட்டலாம், பேசலாம். கூட்டம் பெருகப் பெருகப் பஞ்சாயத்தும் பெருகியது. வெறுத்துப்போன கர்ட்டிஸ் 1992 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: ‘விஸார்ட்’ எனப்படும் நிர்வாகிகள் இனி தொழில்நுட்ப வேலை மட்டும் பார்ப்பார்கள், சமூக விவகாரங்களை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1993-இல் ஓர் ஆட்டக்காரர் மற்றவர்களின் பாத்திரங்களை ஆட்டிவைத்து பாலியல் வன்முறை எழுத்துகளைப் பரப்பினார். யார் தண்டிப்பது என்றே ஊருக்குத் தெரியவில்லை. ஜூலியன் டிபெல் அதை அந்த ஆண்டு டிசம்பரில் ‘வில்லேஜ் வாய்ஸ்’ பத்திரிகையில் எழுதி உலகறியச் செய்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மனு, கையெழுத்து, வாக்கெடுப்பு என்று ஒரு முறை வந்தது. ஆட்டக்காரர்கள் மனு போடலாம், நிறைவேறினால் விஸார்டுகள் அதைக் கோடாக்குவார்கள்.

அதுவும் நிலைக்கவில்லை. ஒவ்வொரு மனுவும் தனிச் சண்டையானது. 1996 மே மாதம் விஸார்டுகள் மறுபடி அறிவித்தார்கள்: தொழில்நுட்பம் வேறு, சமூகம் வேறு என்று பிரிக்கவே முடியவில்லை, இனி தேவைப்படும் இடத்தில் நாங்கள் முடிவெடுப்போம். என் கணிப்பில், அவர்கள் அதிகாரம் எடுத்துக்கொண்டதைவிட, இல்லாததுபோல் மூன்றரை வருடம் நடித்ததுதான் அதிகக் கசப்பை விட்டுச் சென்றது. ‘நான் வெறும் புரோகிராமர்’ என்று சொல்லும் நிர்வாகியை நம்பாதீர்கள். எந்த ஆளுக்கு எத்தனை அறை என்று ஒரு எண்ணை மாற்றுகிற கையும் அரசியல் கைதான்.

அதனால் கோரிக்கை வைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, ‘இதை முடிவு செய்வது யார்?’ பெயர் கிடைத்தால் அவருக்கு எழுதுங்கள். தோற்றுவிட்டு வந்த ராத்திரி எழுதாதீர்கள், மறுநாள் எழுதுங்கள். ‘செய்யாவிட்டால் போய்விடுவேன்’ என்று மிரட்டினால் நிர்வாகிகளுக்குள் நிம்மதிதான் பிறக்கும். அந்த அறைக்குள் இருந்தவன் சொல்கிறேன். நிர்வாகிகளுக்கு ஒன்று: ‘பார்க்கலாம்’ என்ற பதிலை விட்டுவிடுங்கள். நம் ஊரில் கல்யாண வீட்டுக்கு வர விருப்பமில்லாதவர் சொல்லும் ‘இன்ஷா அல்லாஹ்’ போல அது எல்லோருக்கும் புரிந்துவிடும். முடியாது என்றால் முடியாது, ஏன் என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்காக யாரும் ஆட்டத்தை விட்டுப் போனதை நான் பார்த்ததில்லை.

சில கோரிக்கைகளில் விவாதமே தேவையில்லை. மட்டுகளில் பார்வையற்றவர்கள் நிறையப் பேர் ஆடுகிறார்கள்; எழுத்து என்பதால் திரைவாசிப்பான் மென்பொருள் படித்துக் காட்டிவிடும். எங்கள் மட்டில் ஒருவர் கோடும் கூட்டல் குறியுமாக அழகான வரைபடம் ஒன்றைச் சேர்த்தார். பார்க்க அருமை. கேட்கிறவருக்கு ஒவ்வொரு அறையிலும், ‘டேஷ் டேஷ் டேஷ் ப்ளஸ் டேஷ்’. அணைக்க ஒரு கட்டளை கேட்டார்கள். வரைந்தவருக்கு மனசு கேட்கவில்லை, எல்லோரும் அணைத்துவிடுவார்களே என்று. அவரைக் கண்ணை மூடச் சொல்லி, திரைவாசிப்பானை ஓடவிட்டேன். அன்று ராத்திரியே கட்டளை வந்தது.

தமிழ் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. குழுச் சேனலில் தமிழ் எழுத்தில் பேச வேண்டும் என்று கோலாலம்பூரிலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் ஆடுகிறவர்கள் கேட்டார்கள். பழைய மட் கோடு ஆங்கில எழுத்தைத் தவிர எது வந்தாலும் வடிகட்டி எறிந்துவிடும். ‘வணக்கம்’ என்று தட்டினால் ஒன்றுமே போகாது. வடிகட்டியை நீக்கினால் அடுத்த தொல்லை. ‘க’ என்ற ஒரு குறிக்கு யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். ‘கி’ என்றால் ஆறு. மட்டோ பைட்டை எண்ணி 80-இல் வரியை மடிக்கிறது. அதனால் எழுத்தின் நடுவில் வெட்டுப்பட்டு, வரிக்கடைசியில் கட்டம் கட்டமாக நிற்கும். கோடு எழுதுகிறவர் சொன்ன இந்தத் தடைகள் எல்லாம் உண்மை. ஆனால் எதிர்ப்பின் காரணம் அவை இல்லை. இன்னொரு நிர்வாகி வெளிப்படையாகக் கேட்டார்: எங்களுக்குப் புரியாத மொழியில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டால் யார் பார்ப்பது?

கோலாலம்பூர்க்காரர் பதில் எழுதினார்: “இப்போ இங்கிலீஷ் எழுத்துல தமிழ்ல திட்டிக்கிறோமே, அது மட்டும் உங்களுக்குப் புரியுதா?”

சேனல் முழுக்கச் சிரிப்பு. பேச்சு அதன்பிறகு ஒழுங்காக நடந்தது. புகார் வந்தால் அந்தப் பேச்சுப் பதிவைத் தமிழ் தெரிந்த நிர்வாகி படிப்பார், தனக்குச் சம்பந்தமுள்ள புகாராக இருந்தால் ஒதுங்குவார், முடிவைத் தலைமை நிர்வாகி எடுப்பார் என்று ஏற்பாடானது. வடிகட்டியைச் சோதனை சர்வரில் எடுத்தாயிற்று. வரி மடிப்பு இன்னும் சரியாகவில்லை. எழுத்து ஒரு வரியிலும் கொம்பு அடுத்த வரியிலுமாக வந்து விழுகிறது. கேட்கிறவர்களுக்கு அதையே படம் பிடித்து அனுப்புகிறேன், எந்த வரியில் உடைகிறது என்று. போன முறை அனுப்பியபோது பரங்கிப்பேட்டைத் தம்பி அதைத் திருத்தி ஒரு கோடு அனுப்பினான். ஓடவில்லை. ஆனால் எங்கே உடைகிறது என்று எங்களைவிட அவன் சரியாகக் கண்டுபிடித்திருந்தான்.